மேன் பேஜ்ல எதை எங்க தேடணும், எங்க அது நம்மள கைவிடும்

டெர்மினல்ல ஒரு கமாண்ட் எப்படி ஓட்டறதுன்னு தெரியலன்னா இப்ப எல்லாரும் நேரா பிரவுசருக்கு ஓடுறாங்க, இல்லன்னா ஏதாவது சாட்பாட்கிட்ட கேட்டு முதல்ல வர்ற வரிய அப்படியே பேஸ்ட் பண்ணிடறாங்க. தப்புன்னு சொல்ல வரல, நானும் பண்றதுதான். ஆனா அந்த பதில் எந்த மெஷினுக்கு, எந்த வெர்ஷனுக்கு எழுதினதுன்னு நமக்கு தெரியாது. உங்க மெஷின்ல இருக்கற மேன் பேஜ் (மேன்னு அடிச்சு கமாண்ட் பேரை சொன்னா டெர்மினல்லயே திறக்கற மேனுவல் பக்கம்), பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேரோடயே ஒரே பேக்கேஜ்ல வந்து இறங்கினது, அதனால அதுல எழுதிருக்கற ஆப்ஷன் உங்ககிட்ட இருக்கற வெர்ஷன்ல இருக்கும்.

இது ஏன் முக்கியம்னா, செட்னு (ஸ்ட்ரீம் எடிட்டரோட சுருக்கம்) ஒரு டெக்ஸ்ட் மாத்தற கமாண்ட் இருக்குல்ல, அதுல ஃபைலுக்குள்ளயே நேரா மாத்தறதுக்கு -ஐ போடுவோம். லினக்ஸ்ல -ஐ மட்டும் போட்டா போதும். மேக்ல -ஐக்கு அடுத்து பேக்கப் ஃபைலுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் கொடுத்தே ஆகணும், வேண்டாம்னா ரெண்டு கோட் குறிய (மேற்கோள் குறி) நடுவுல ஒண்ணும் இல்லாம போடணும், இல்லன்னா நீங்க எழுதின எக்ஸ்பிரஷனையே (எத எதா மாத்தணும்னு சொல்ற பகுதி) எக்ஸ்டென்ஷன்னு எடுத்துக்கிட்டு ஃபைல் பேரை எக்ஸ்பிரஷனா நினைச்சு எரர் அடிக்கும். அதே வெறும் கோட் குறியோட லினக்ஸ்ல ஓட்டினா அங்கயும் எரர்தான், வேற எரர். இதாவது பரவால்ல. கில்ஆல்னு ஒண்ணு இருக்கு, லினக்ஸ்ல ஒரு ப்ரோகிராம் பேரை சொன்னா அத மட்டும் கொல்லும், பழைய சோலாரிஸ் மெஷின்ல அதே கமாண்ட் ஓடிட்டு இருக்கற ப்ராசஸ் எல்லாத்தையும் நிறுத்தறதுக்குன்னே வச்சது. புது சிஸ்டம்ல உக்காந்தா அங்க இருக்கற மேன் பேஜை ஒரு தரம் பாத்துட்டு அடிங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

(கமாண்ட் பேரு, ஆப்ஷன் எல்லாம் இங்க தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன். நீங்க டைப் பண்றப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணும்னா அங்கங்க சொல்றேன்.)

அது யாருக்காக எழுதினது

மேன் பேஜ் பாடப்புத்தகம் கிடையாது. பஞ்சாங்கம் மாதிரி வச்சுக்கங்க, யாரும் முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் உக்காந்து படிக்கறதில்ல, இன்னிக்கு ராகுகாலம் எப்பன்னு ஒரு கேள்வியோட திறப்பாங்க, பாத்ததும் மூடுவாங்க, ஆனா சுருக்கெழுத்து புரியலன்னா திறந்தும் பிரயோஜனம் இல்ல.

இது ஏன் இப்படி ஆச்சுன்னா, யுனிக்ஸோட (லினக்ஸ், மேக் ரெண்டுக்கும் முன்னோடி) முதல் மேனுவல் 1971 நவம்பர் 3 தேதி போட்டு பெல் லேப்ஸ்ல வந்தது, எழுதினது கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும். இன்னிக்கு நாம பாக்குற நேம், சினாப்ஸிஸ், டிஸ்கிரிப்ஷன், ஃபைல்ஸ், சீ ஆல்ஸோ, பக்ஸ் எல்லாம் அப்பவே இருந்த தலைப்புதான். அதோட ஓனர்னு ஒரு தலைப்பும் இருந்துச்சு, அந்த கமாண்ட யார் எழுதினாங்களோ அவங்க லாகின் பேரு அதுல இருக்கும். சந்தேகம் வந்தா அந்த ஆள்கிட்டயே நடந்துபோய் கேட்டுக்கலாம்ங்கற நிலைமைல எழுதினது அது. கேக்க ஆள் பக்கத்துலயே இருந்தா உதாரணம் எதுக்கு, விளக்கம் எதுக்கு, சுருக்கமா எழுதினா போதும். இப்ப ஓனர் தலைப்பு போயிடுச்சு, அந்த சுருக்கம் மட்டும் அப்படியே தங்கிடுச்சு.

திறந்ததும் என்ன பண்ணணும்

மேன் கிரெப்னு அடிச்சா பக்கம் திறக்கும். அத காட்டறது பெரும்பாலும் லெஸ்ங்கற ப்ரோகிராம், அதனால நீங்க கத்துக்க வேண்டியது லெஸ்ஸோட கீ நாலஞ்சுதான். ஸ்பேஸ் அடிச்சா அடுத்த பக்கம், சின்ன ஜி மேல கொண்டுபோகும், பெரிய ஜி கடைசிக்கு, க்யூ வெளிய. ஸ்லாஷ் போட்டு வார்த்தை அடிச்சு என்டர் தட்டினா தேடும், என் அடுத்தது, பெரிய என் முந்தினது. இது எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது எதுன்னா ஆப்ஷன தேடற விதம். கர்ல்ல (யுஆர்எல்லேர்ந்து டவுன்லோட் பண்ற டூல்) -ஓ என்ன பண்ணுதுன்னு பாக்கணும்னு ஸ்லாஷ் போட்டு -ஓ அடிச்சீங்கன்னா நடுவுல வர்ற அத்தனை -ஓவும் வந்து நிக்கும், --அவுட்புட்குள்ள இருக்கற -ஓவும் சேர்ந்து வரும், என் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சுபோகும். அதுக்கு பதிலா ஸ்லாஷ், அடுத்து ^ குறி, ஒரு ஸ்பேஸ், * குறி, அதுக்கப்புறம் -ஓன்னு அடிங்க. வரி ஆரம்பத்துல வெறும் இடைவெளி, அதையொட்டி இந்த ஆப்ஷன், அப்படி இருக்கற இடத்துக்கு மட்டும் போகும், அதாவது அந்த ஆப்ஷனுக்கு விளக்கம் ஆரம்பிக்கற இடம். இந்த ஒண்ணு பழகிட்டீங்கன்னா மேன் பேஜ் மேல இருக்கற பாதி எரிச்சல் போயிடும், சத்தியமா.

இன்னொண்ணு & குறி. லெஸ்ஸுக்குள்ள & போட்டு ஒரு வார்த்தை அடிச்சா அந்த வார்த்தை இருக்கற வரிய மட்டும் காட்டும், மத்தத மறைச்சிடும், திரும்ப & போட்டு வெறும் என்டர் அடிச்சா பழையபடி எல்லாம் வரும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காம தேடணும்னா உள்ள இருந்தே -ஐ அடிங்க. பெரிய மானிட்டர்ல வரி கடைசி வரைக்கும் நீண்டு படிக்க கண்ணு வலிக்குதுன்னா மேன்விட்த்ங்கற என்விரான்மெண்ட் வேரியபிள்ல 80னு வச்சு எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க (வேரியபிள் பேரு முழுக்க பெரிய எழுத்து), லினக்ஸ்ல வேலை செய்யும்.

சினாப்ஸிஸ தாண்டி போகாதீங்க

எல்லாரும் அந்த மேல இருக்கற ரெண்டு மூணு வரிய கண்ண மூடிட்டு தாண்டிப் போறாங்க, ஏன்னா அது ஏதோ ஃபார்முலா மாதிரி இருக்கு. ஆனா அதுக்குள்ளதான் முக்கால்வாசி விஷயம் இருக்கு. சதுர அடைப்புக்குள்ள இருந்தா விருப்பப்பட்டா போடலாம், மூணு புள்ளி இருந்தா ஒண்ணுக்கு மேலயும் கொடுக்கலாம், நடுவுல செங்குத்தா ஒரு கோடு இருந்தா இது இல்லன்னா அது, அடர்த்தியா இருக்கறத அப்படியே டைப் பண்ணணும், அடிக்கோடு இருக்கறதுக்கு பதிலா உங்க ஃபைல் பேரை போடணும். அவ்வளவுதான் இலக்கணம்.

உதாரணத்துக்கு சிபி கமாண்டோட சினாப்ஸிஸ லினக்ஸ்ல பாருங்க, மூணு வரி இருக்கும். முதல் வரில ஒரு சோர்ஸ் ஒரு டெஸ்ட், ரெண்டாவதுல சோர்ஸுக்கு பின்னாடி மூணு புள்ளி, கடைசியா டைரக்டரி. மூணாவதுல -டி போட்டு (டார்கெட்டோட டி) டைரக்டரிய முன்னாடியே சொல்லிட்டு அப்புறம் சோர்ஸ் எத்தனை வேணாலும். இந்த மூணாவது வரிய பாத்தவங்களுக்கு எக்ஸ்ஆர்க்ஸோட சிபிய சேத்து ஓட்டறது ரொம்ப சுலபம், ஏன்னா எக்ஸ்ஆர்க்ஸ் ஃபைல் பேரை எல்லாம் கடைசிலதான் கொண்டு வந்து ஒட்டும், டெஸ்டினேஷன் கடைசில இருந்தா ஒத்துவராது. இத தெரியாம அதுக்குன்னு ஒரு லூப் எழுதி வச்சிருக்கற ஸ்க்ரிப்ட் எத்தனை பாத்திருக்கேன்.

பக்கத்து நம்பர் விஷயம்

மேன் பேஜ் பேருக்கு பின்னாடி அடைப்புக்குள்ள ஒரு நம்பர் வரும்ல, அது செக்ஷன். 1ல நாம ஓட்டற கமாண்ட், 2ல சிஸ்டம் கால், 3ல சி லைப்ரரி ஃபங்ஷன், 4ல டிவைஸ் ஃபைல், 5ல கான்ஃபிக் ஃபைலோட ஃபார்மேட், 6ல கேம்ஸ், 7ல பலதும் கலந்தது, 8ல அட்மின் கமாண்ட். நம்பர் சொல்லலன்னா முதல்ல கிடைக்கறத காட்டும், பெரும்பாலும் 1.

இதனால மாட்டிக்கறது அதிகமா கிரான்ல (குறிச்ச நேரத்துல கமாண்ட தானா ஓட்டறது). மேன் கிரான்டேப்னு அடிச்சா வர்றது செக்ஷன் 1, அதாவது கிரான்டேப்ங்கற கமாண்டோட ஆப்ஷன், -இ போட்டா எடிட் பண்ணலாம், -எல் போட்டா லிஸ்ட் காட்டும், அவ்வளவுதான். நமக்கு வேண்டிய அஞ்சு ஸ்டாரோட (எப்ப ஓடணும்னு சொல்ற அஞ்சு இடம்) விளக்கம் மேன் 5 கிரான்டேப்ல இருக்கு. அதுக்குள்ளதான் அந்த % விஷயமும் இருக்கு. கிரான்ல கமாண்டுக்கு நடுவுல % வந்தா அத புது வரின்னு எடுத்துக்கும், முதல் %க்கு பின்னாடி இருக்கறத எல்லாம் கமாண்டுக்கு இன்புட்டா அனுப்பிடும், வேண்டாம்னா முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போடணும். பேக்கப் ஃபைல் பேருல தேதி வரணும்னு டேட் கமாண்டோட %எஃப் (எஃப் பெரிய எழுத்து) போட்டு எழுதுவாங்க, டெர்மினல்ல அழகா ஓடும், ராத்திரி கிரான்ல ஓடாது, காலைல வந்து பாத்தா பேக்கப் இல்ல. ஏன்னு யாருக்கும் புரியாது. அந்த பக்கத்துல தெளிவா எழுதிருக்கு, பிரச்சினை என்னன்னா யாரும் 5 போட்டு திறக்கறதில்ல.

அதே பக்கத்துல இன்னொண்ணு, மாசத்துல எத்தனாவது தேதி, வாரத்துல என்ன கிழமை, ரெண்டையும் ஸ்டார் இல்லாம கொடுத்தா ரெண்டும் சேர்ந்து வர்ற நாள்ல மட்டும் ஓடாது, ரெண்டுல எது வந்தாலும் ஓடும். அதாவது 13ம் தேதி வெள்ளிக்கிழமையா இருந்தா மட்டும்னு நினைச்சு 13ம் 5ம் போட்டீங்கன்னா ஒவ்வொரு 13ம் தேதியும் ஓடும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓடும்.

பாஸ்வேர்ட் மாத்தற கமாண்டுக்கும் (செக்ஷன் 1) பாஸ்டபிள்யூடி ஃபைலோட ஃபார்மேட்டுக்கும் (செக்ஷன் 5) இதே கதைதான். பிரின்ட்எஃப்ல ஷெல்லுக்கு 1, சிக்கு 3. எஸ்எஸ்ஹெச்ல நாம தேடற பாதி விஷயம் எஸ்எஸ்ஹெச் பக்கத்துல இருக்காது, எஸ்எஸ்ஹெச்_கான்ஃபிக்ங்கற செக்ஷன் 5 பக்கத்துல இருக்கும். ஒரே பேருல எத்தனை பக்கம் இருக்குன்னு பாக்க மேன் -எஃப் போட்டு பேரை சொல்லுங்க, லிஸ்ட் வரும்.

பேரே தெரியலன்னா

மேன் -கே போட்டு ஒரு வார்த்தை கொடுத்தா அது சம்பந்தமான பக்கம் எல்லாம் லிஸ்ட் பண்ணும், அப்ரோபோஸ்ங்கறதும் அதேதான். ஆனா இது தேடறது பக்கத்தோட பேரையும் அந்த ஒத்த வரி நேம் விளக்கத்தையும் மட்டும். அதனால எழுதினவர் எந்த இங்கிலீஷ் வார்த்தை போட்டாரோ அதே வார்த்தைய நீங்க யூகிக்கணும். ஃபைல அழிக்கணும்னு டிலீட் போட்டு தேடினா ஆர்எம் வராது, அதோட வரில ரிமூவ்னுதான் இருக்கு. கிரெப் தேடற கமாண்ட்தானேன்னு சர்ச்னு போட்டா லினக்ஸ்ல கிரெப் சிக்காது, அதோட விளக்கம் பேட்டர்னுக்கு பொருந்தற வரிய பிரின்ட் பண்ணும்ங்கற மாதிரி இருக்கு, சர்ச்ங்கற வார்த்தையே கிடையாது. ரெண்டு மூணு வார்த்தை மாத்தி மாத்தி போட்டு பாருங்க. ரெண்டு வார்த்தையும் சேர்ந்து இருக்கணும்னா அப்ரோபோஸ்ல -ஏ கொடுங்க. செக்ஷன் 1 மட்டும் வேணும்னா -எஸ் 1. ஒண்ணுமே வரலன்னா இண்டெக்ஸ் போடாம இருக்கும், ரூட்டா இருந்து மேன்டிபின்னு ஒரு தரம் ஓட்டுங்க. எல்லா பக்கத்துக்குள்ளயும் முழுசா தேடணும்னா பெரிய எழுத்துல -கே, மெதுவா போகும், டீ போட்டுட்டு வரலாம்.

சிஸ்டம்டில (லினக்ஸ்ல சர்வீஸ் எல்லாத்தையும் ஓட்டி மேய்க்கறது) யூனிட் ஃபைல் எழுதறவங்களுக்கு தனியா ஒரு தகவல், அதுல ஒவ்வொரு செட்டிங்கும் எந்த பக்கத்துல விளக்கிருக்குன்னு ஞாபகம் வச்சுக்கவே முடியாது, சர்வீஸ் பக்கமா, எக்ஸெக் பக்கமா, யூனிட் பக்கமான்னு அலையணும். மேன் சிஸ்டம்டி.டைரக்டிவ்ஸ்னு அடிங்க, எல்லாத்துக்கும் அட்டவணை அங்க இருக்கு.

கிட்லயும் இப்படி ஒளிஞ்சிருக்கற பக்கம் உண்டு. ஒவ்வொரு சப்கமாண்டுக்கும் நடுவுல ஹைஃபன் போட்டு தனி பக்கம், கிட்-ரீபேஸ் மாதிரி. அது படிச்சா தலை சுத்தும், ஒத்துக்கறேன். ஆனா கிட்எவ்ரிடே, கிட்டுட்டோரியல், கிட்க்ளாசரின்னு ஹைஃபன் இல்லாம சில பக்கம் இருக்கு, அதெல்லாம் மனுஷங்க படிக்கற மாதிரி எழுதினது. அதே மாதிரி மேன் ஹையர்னு (ஹையரார்க்கியோட முதல் நாலு எழுத்து) அடிச்சா ரூட்ல இருக்கற ஒவ்வொரு ஃபோல்டரும் எதுக்குன்னு சொல்லும், லினக்ஸ் புதுசா கத்துக்கறவங்களுக்கு நான் முதல்ல காட்டறது இதத்தான்.

கடைசி பக்கம்தான் நல்ல பக்கம்

ஆப்ஷன் லிஸ்ட் முடிஞ்சதும் மூடிடாதீங்க, பெரிய ஜி அடிச்சு கடைசிக்கு போய் அங்கேர்ந்து மேல வாங்க. எக்ஸாம்பிள்ஸ் இருந்தா பெரும்பாலும் கீழதான் இருக்கும். எக்ஸிட் ஸ்டேட்டஸ்னு (கமாண்ட் முடியறப்ப திருப்பித் தர்ற நம்பர்) ஒரு தலைப்பு இருக்கும், ஸ்க்ரிப்ட் எழுதறவங்க இத பாக்காம விட்டா கண்டிப்பா அடி வாங்குவாங்க. கிரெப் ஏதாவது கிடைச்சா 0, ஒண்ணும் கிடைக்கலன்னா 1, நிஜமாவே எரர்னா 2. கிடைக்கலங்கறது தப்பு இல்லல்ல, ஆனா ஸ்க்ரிப்ட் மேல செட் -இ (மேல சொன்ன செட் இல்ல, கமாண்ட் ஏதாவது தோத்தா நின்னுடுன்னு ஷெல்லுக்கு சொல்றது) போட்டு வச்சிருந்தா அந்த 1ஐ பாத்து ஸ்க்ரிப்ட் சத்தமே இல்லாம நின்னுடும், எரர் மெசேஜ் கூட வராது. டிஃப்பும் அதே மாதிரி, ரெண்டு ஃபைலும் ஒண்ணுன்னா 0, வித்தியாசம் இருந்தா 1, பிரச்சினைன்னா 2. ஆர்சிங்க் 24 கொடுத்தா காப்பி பண்ணிட்டு இருக்கறப்பவே சில ஃபைல் காணாம போச்சுன்னு அர்த்தம், ஓடிட்டு இருக்கற சர்வர்ல இது சகஜம், 23 வந்தாதான் உக்காந்து பாக்கணும். கர்ல்ல 6 வந்தா ஹோஸ்ட் பேர ரிசால்வ் பண்ண முடியல, 7 வந்தா கனெக்ட் ஆகல, 28 வந்தா டைம்அவுட். இந்த நம்பர வச்சே பாதி பிரச்சினைய கண்டுபிடிச்சிடலாம், லாக் கூட பாக்க வேண்டாம்.

பக்ஸ்னு ஒரு தலைப்பு இருக்கே, அது எனக்கு ரொம்ப பிடிச்சது. தன்னோட ப்ரோகிராம்ல இன்னது சரியில்லன்னு எழுதினவரே மேனுவல்ல போட்டு அனுப்பற பழக்கம் 1971லேர்ந்து வருது. இன்னிக்கு எந்த ஆப் கம்பெனி அப்படி போடும் சொல்லுங்க.

இப்ப குறைக்கு வருவோம்

முதல் குறை, எச்சரிக்கை சரியான இடத்துல இருக்காது. ஃபைண்ட்ல -டிலீட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. ஃபைண்ட் இடமிருந்து வலமா ஒவ்வொண்ணா செய்யும், அதனால -நேம் போட்டு பேரை வடிகட்டிட்டு கடைசில -டிலீட் போட்டா அந்த ஃபைல் மட்டும் போகும். மாத்தி -டிலீட்ட முன்னாடி போட்டுட்டீங்கன்னா வடிகட்டறதுக்கு முன்னாடியே அந்த ஃபோல்டருக்குள்ள இருக்கறது எல்லாம் போயிடும். இத மேன் பேஜ்ல எழுதிருக்காங்க, ஆனா எங்க, நூத்துக்கணக்கான வரி தாண்டி, ஆக்ஷன்ஸ்னு ஒரு தலைப்புக்கு கீழ, -டிலீட்டோட விளக்கத்துக்குள்ள. மேல சிவப்புல எழுத வேண்டிய விஷயம் இது. ஃபைண்ட்ல எத அழிக்கறதா இருந்தாலும் -டிலீட் இருக்கற இடத்துல முதல்ல -பிரின்ட் போட்டு ஓட்டி லிஸ்ட்ட பாத்துட்டு அப்புறம் மாத்துங்க.

ஆர்சிங்க்ல சோர்ஸ் ஃபோல்டர் பேருக்கு பின்னாடி ஸ்லாஷ் போட்டா உள்ள இருக்கறது மட்டும் போகும், போடலன்னா ஃபோல்டரே உள்ள போய் உக்காரும். ஒரே ஒரு ஸ்லாஷ். இதோட --டிலீட்டும் (சோர்ஸ்ல இல்லாதத டெஸ்டினேஷன்ல அழிக்கறது) சேந்துச்சுன்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. அந்த விளக்கமும் ஆப்ஷன் லிஸ்ட்ல கிடையாது, அதுக்கு முன்னாடி யூஸேஜ் பகுதில நடுவுல ஒரு பாரால இருக்கு, ஆப்ஷன மட்டும் தேடறவங்க கண்ணுல படவே படாது. அதனால நான் வச்சிருக்கற கணக்கு இது, படிக்கற கமாண்டுக்கு தேடி எடுத்தா போதும், அழிக்கற கமாண்ட், மேல எழுதற கமாண்ட், ரூட்டா ஓட்டப்போற கமாண்ட், இதுக்கெல்லாம் அந்த பேஜை ஒரு தரமாவது முழுசா படிக்கணும். போர் அடிக்கும். படிங்க.

ரெண்டாவது, ஷெல்லோட (நாம அடிக்கற கமாண்ட வாங்கி ஓட்டற ப்ரோகிராம்) பில்டின். சிடி, எக்ஸ்போர்ட், அலியாஸ், ரீட் இதெல்லாம் தனி ப்ரோகிராம் கிடையாது, பேஷ்ங்கற ஷெல்லுக்குள்ளயே இருக்கறது. மேன் சிடின்னு அடிச்சா பல மெஷின்ல அப்படி பக்கமே இல்லன்னு வரும். விளக்கம் பேஷ் பக்கத்துக்குள்ள இருக்கு, ஆனா அது ஆயிரக்கணக்கான வரி, அதுக்குள்ள ரீட்னு தேடினா நாள் போயிடும். பேஷ்ல ஹெல்ப் சிடின்னு அடிங்க, உடனே வரும். எது பில்டின், எது தனி ப்ரோகிராம்னு சந்தேகம்னா டைப்னு ஒரு கமாண்ட் இருக்கு, டைப் -ஏ எக்கோன்னு கேட்டா ரெண்டு இடத்துலயும் இருக்குன்னு சொல்லும். இங்கதான் இன்னொரு சிக்கல், மேன் பேஜ் ஒரு டைம்ம பத்தி பேசும், நீங்க ஓட்டறது வேற டைம்மா இருக்கும். மேன் டைம்ல -வி போட்டா மெமரி எவ்வளவு எடுத்துச்சுன்னு எல்லாம் விவரமா வரும்னு இருக்கும், பேஷ்ல டைம் -வின்னு அடிச்சா -விங்கற கமாண்ட் இல்லன்னு சொல்லும், ஏன்னா ஓடினது பேஷோட சொந்த டைம். முழு பாத்தோட, அதாவது யுஎஸ்ஆர் பின்னுக்குள்ள இருக்கற டைம்னு சொல்லி ஓட்டணும். இதையும் அந்த பக்கத்துல சொல்லிருக்காங்க, வழக்கம்போல ஓரத்துல.

இசட்எஸ்ஹெச் யூஸ் பண்றவங்களுக்கு மேனுவல் பல துண்டா பிரிஞ்சிருக்கும், பில்டினுக்கு மேன் இசட்எஸ்ஹெச்பில்டின்ஸ். மேக்ல இப்ப டீஃபால்ட் ஷெல் அதுதான்.

மூணாவது, க்னூ (லினக்ஸ்ல இருக்கற அடிப்படை கமாண்ட் பலதையும் எழுதின ப்ராஜெக்ட்) ஆட்களோட பிடிவாதம். அவங்களுக்கு மேன் பேஜ் மேல அவ்வளவு விருப்பம் இல்ல, இன்ஃபோங்கற வேற ஒரு சிஸ்டத்துலதான் முழு மேனுவல வச்சிருக்காங்க. எல்எஸ், சிபி, சார்ட் மாதிரி கமாண்டோட மேன் பேஜ் எல்லாம் --ஹெல்ப் அவுட்புட்டுலேர்ந்து ஹெல்ப்2மேன்னு ஒரு டூல் தானா தயார் பண்றது, அதனாலதான் அது அவ்வளவு வறட்சியா இருக்கு, கடைசில முழுசா வேணும்னா இன்ஃபோவ பாருன்னு ஒரு வரி இருக்கும். இன்ஃபோவ திறந்தா கீ எல்லாம் வேற, ஈமாக்ஸ் பழகாதவங்க அஞ்சு நிமிஷத்துல ஓடிடுவாங்க. வழி என்னன்னா இன்ஃபோ சார்ட்னு அடிச்சு பைப் போட்டு லெஸ்ஸுக்கு அனுப்பிடுங்க, ஒரே நீளமான பக்கமா வந்துடும், பழைய ஸ்லாஷ் தேடலே போதும். உள்ள இருக்கற விஷயம் உண்மையிலேயே நல்லா இருக்கும், விளக்கம், உதாரணம் எல்லாம் அங்கதான் இருக்கு, கதவுதான் தப்பான இடத்துல வச்சிருக்காங்க.

நாலாவது இப்ப வந்த பிரச்சினை. டாக்கர் இமேஜுக்குள்ள போய் மேன் அடிச்சா ஒண்ணும் இருக்காது. சைஸ் கம்மி பண்றதுக்காக மேன் பேஜை எல்லாம் இன்ஸ்டால் ஆகாம தடுத்து வச்சிருப்பாங்க, உபுண்டு இமேஜ்ல சிஸ்டம மினிமைஸ் பண்ணிட்டோம், வேணும்னா அன்மினிமைஸ் ஓட்டுன்னு மெசேஜ் வரும். கன்டெய்னருக்குள்ள அதெல்லாம் பண்ணிட்டு இருக்காதீங்க, உள்ள அந்த கமாண்டோட வெர்ஷன மட்டும் பாத்துக்கிட்டு வெளிய படிங்க, டெபியன், உபுண்டு ரெண்டுக்கும் ரிலீஸ் வாரியா மேன் பேஜ் சைட் இருக்கு. புது டூல் பலதுக்கு மேன் பேஜே கிடையாது, --ஹெல்ப் மட்டும்தான், கூபெக்டிஎல்ல எக்ஸ்ப்ளெயின்னு ஒரு சப்கமாண்ட், ஏடபிள்யூஎஸ்ல கடைசில ஹெல்ப்னு போடணும், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி.

-ஹெச்ச நம்பாதீங்க

--ஹெல்ப்னு முழுசா அடிக்கறது நல்ல பழக்கம். சோம்பேறித்தனமா -ஹெச் போட்டா எல்லா இடத்துலயும் ஹெல்ப் வராது. எல்எஸ்ல, டிஎஃப்ல அது சைஸ மனுஷன் படிக்கற மாதிரி காட்டச் சொல்றது, கிரெப்ல ஃபைல் பேர மறைக்கச் சொல்றது, பிஎஸ்க்யூஎல்ல ஹோஸ்ட் பேரு. ஷட்டவுன்ல -ஹெச் போட்டா? சிஸ்டம்டி இருக்கற லினக்ஸ்ல, டைம் சொல்லலன்னா ஒரு நிமிஷம் கழிச்சுன்னு எடுத்துக்கிட்டு மெஷின ஆஃப் பண்ண ஏற்பாடு பண்ணிடும். ஹெல்ப் பாக்க வந்த இடத்துல சர்வர் போச்சு. (அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள ஷட்டவுன் -சி அடிச்சா கேன்சல் ஆகும், இதுவும் மேன் பேஜ்ல இருக்கு.) கிட்டோட சப்கமாண்டுக்கு -ஹெச்னா சின்ன லிஸ்ட் டெர்மினல்லயே வரும், --ஹெல்ப்னா முழு மேன் பேஜ் திறக்கும், அது நல்ல ஏற்பாடு. கர்ல்ல 2020லேர்ந்து வெறும் --ஹெல்ப் சுருக்கமா வரும், --ஹெல்ப் கேட்டகரின்னு கேட்டா பிரிவு எல்லாம் காட்டும், --ஹெல்ப் ஆல்னா மொத்தமும்.

ஹெல்ப் நீளமா இருந்து பைப் போட்டு லெஸ்ஸுக்கு அனுப்பியும் உள்ள ஒண்ணும் வராம ஸ்க்ரீன்லயே ஓடுதுன்னா அந்த ப்ரோகிராம் எரர் ஸ்ட்ரீம்ல எழுதுதுன்னு அர்த்தம், பைப்புக்கு முன்னாடி 2>&1 சேத்துக்கங்க.

உதாரணம் எங்க கிடைக்கும்

மேன் பேஜோட பெரிய குறை உதாரணம் இல்லாததுதான். எல்லாரும் அப்படி இல்ல, ஓப்பன்பிஎஸ்டி ஆட்கள் இதுல ரொம்ப கறார், மேன் பேஜ்ல தப்பு இருந்தா கோட்ல இருக்கற பக் மாதிரியே எடுத்துக்குவாங்க, அங்க பக்கம் எல்லாம் சின்னதா, எக்ஸாம்பிளோட படிக்கற மாதிரி இருக்கும். லினக்ஸ்ல இருக்கறவங்களுக்கு டிஎல்டிஆர்னு ஒரு டூல் இருக்கு, பொதுவா எல்லாரும் சேந்து எழுதறது, டிஎல்டிஆர் டார்னு அடிச்சா அடிக்கடி பண்ற வேலைக்கு ஏழெட்டு உதாரணம் மட்டும் வரும். அது போதும்னு நிறுத்திடாதீங்க, ஏன்னா உங்க வெர்ஷன் என்னன்னு அதுக்கு தெரியாது, எல்லாருக்கும் பொதுவா எழுதினது.

நான் பண்றது இப்படி. உதாரணத்த டிஎல்டிஆர்லேர்ந்தோ சாட்பாட்லேர்ந்தோ எடுத்துக்குவேன், அப்புறம் அதுல இருக்கற ஒவ்வொரு ஆப்ஷனையும் அந்த ^ தேடல் வச்சு மேன் பேஜ்ல பாப்பேன். ரெண்டு நிமிஷ வேலை. உதாரணத்துக்கு பேக்கப்புக்கு ஆர்சிங்க் -ஏ போடுன்னு எல்லாரும் சொல்வாங்க, ஏன்னா -ஏங்கறது ஆர்க்கைவ், எல்லாத்தையும் அப்படியே எடுத்துடும்னு நினைப்பு. மேன்ல பாத்தா அது ஏழு ஆப்ஷனோட சுருக்கம்னு இருக்கும், ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதிங்கற கூடுதல் லிஸ்ட்), எக்ஸ்டெண்டட் ஆட்ரிப்யூட், ஹார்ட் லிங்க் இது மூணும் அதுல சேராதுன்னும் அங்கயே எழுதிருக்கும், வேணும்னா பெரிய எழுத்துல ஏ, எக்ஸ், ஹெச் தனியா சேக்கணும். சாட்பாட் இத கேட்டாத்தான் சொல்லும், கேக்கறதுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னு முதல்ல நமக்கு தெரியணும்ல.

சாட்பாட் சொன்ன ஆப்ஷன் மேன் பேஜ்ல இல்லவே இல்லன்னா ரெண்டுல ஒண்ணு, உங்க வெர்ஷன் பழசு, இல்லன்னா அது சும்மா அடிச்சு விட்டிருக்கு. ரெண்டுலயும் ஓட்டக்கூடாது.

மேன் பேஜ்லயே தப்பு இருந்தா, இல்ல இருக்க வேண்டிய எச்சரிக்கை இல்லன்னா, சொல்லலாம், கேப்பாங்க. க்னூ பக்கம் பலதுலயும் கீழ ரிப்போர்ட்டிங் பக்ஸ்னு எங்க எழுதணும்னு இருக்கும். டெபியன்ல ஒரு ப்ரோகிராமுக்கு மேன் பேஜே இல்லன்னா அதையே பக்னு ரிப்போர்ட் பண்ணலாம், அவங்க பாலிசிலயே அப்படித்தான் இருக்கு, ரிப்போர்ட்பக்னு டெர்மினல்லேர்ந்தே அனுப்பறதுக்கு டூல் வச்சிருக்காங்க. அனுப்பறப்ப பேக்கேஜ் வெர்ஷன், எந்த தலைப்புக்கு கீழ எந்த வரி, அதுக்கு பதிலா என்ன இருக்கணும், இந்த மூணையும் எழுதுங்க. புரியலன்னு மட்டும் எழுதி அனுப்பினா அத வச்சு அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.